ஹார்ட் டிஸ்க் முழுக்கச் சீனர்கள்

கல்யாண வரவேற்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது என் மகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைக்கிறார்கள், அதில் அவளுடைய சின்ன வயதுப் படங்கள் ஓட வேண்டும், அதில் ஆறேழு படத்திலாவது நான் அவளோடு இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் அப்பாவும் பிள்ளையுமாக எடுத்த படங்களைக் கூடைகூடையாகக் கொடுத்திருக்கிறார்களாம். "நீங்கதான் போட்டோ எடுக்கறவராச்சேப்பா, தேடிக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, ஜாக்கெட் அளவு கொடுக்க வேண்டும் என்று பூந்தமல்லிக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

நான் சரி என்றேன். சொல்லும்போதே எனக்குத் தெரியும், என்னிடம் அப்படி ஒரு படம்கூடக் கிடையாது.

இதைச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். எங்கள் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், மூன்று ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. பத்தாயிரம் படத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் நான் எடுத்தவை. எல்லாம் சீனர்கள். காலையில் சோயாப் பாலில் எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சியைத் தோய்த்துத் தின்கிற சீனர்கள், மத்தியானம் பன்னிரண்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு மேஜைமேல் கன்னத்தை வைத்துத் தூங்குகிற சீனர்கள், குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்த்த அன்றைக்குத் தெருக் கம்பி, செடி, பூங்காவில் உடற்பயிற்சி செய்கிற இரும்புச் சாமான் என்று கண்டதன்மேலும் பஞ்சுமெத்தையைக் காயப்போடுகிற சீனர்கள். என் பெண்ணைத் தவிர உலகத்தில் இருக்கிற எல்லாப் பெண்களும் அதில் உண்டு.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் டூல் ரூம் ஆள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற இரும்பு அச்சுகளைச் செய்வதும் சரிபார்ப்பதும் என் தொழில். எங்கள் கம்பெனி அந்த அச்சுகளைச் சீனாவில் செய்து வாங்க ஆரம்பித்தபோது, அங்கேயே இருந்து பார்த்து அனுப்ப ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். ஆறு மாசம்தான் என்றார்கள். மகளுக்கு அப்போது நாலு வயது. ஆறு மாசம் ஒரு வருஷமாயிற்று, ஒரு வருஷம் ஒன்பது வருஷமாயிற்று. வருஷத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நாள் வந்து போவேன். அந்தப் பணத்தில்தான் கரையான்சாவடியில் இந்த வீட்டைக் கட்டினோம். வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கேமரா வாங்கியது இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கியது. பாஷை தெரியாத ஊரில் ஒரு மனிதன் சும்மா நின்றால் அவனைப் பைத்தியம் என்பார்கள். கேமராவோடு நின்றால் வேலையாக நிற்கிறான் என்று விட்டுவிடுவார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு அது ஒரு வெறியாகிவிட்டது. பூங்காவில் வயதானவர்கள் நீளத் துடைப்பம்போல ஒரு தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, தரைக்கல்லில் எழுத்து எழுதுவார்கள். கடைசி எழுத்தை எழுதி முடிப்பதற்குள் முதல் எழுத்து காய்ந்து போயிருக்கும். அதைப் படம் பிடிக்கவே ஒரு மாசம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் இங்கே என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஊருக்கு வரும்போது கேமராவைக் கொண்டுவர மாட்டேன். கஸ்டம்ஸில் தொல்லை என்று ஒரு சாக்கு. உண்மையைச் சொல்கிறேன், இங்கே படமெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். குப்பை, தூசு, தண்ணீர் லாரி, நம் ஜனம். தினம் பார்க்கிற மூஞ்சிகள். இவர்களை எடுத்து என்ன செய்ய? அப்படி ஒரு திமிர் அப்போது இருந்தது. மனைவி அவளுடைய பழைய போனில் நாலைந்து எடுத்து வைத்திருந்தாள். அந்த போனும், நான் போவதற்கு முன்னால் அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த ஒன்றிரண்டு ஸ்டுடியோ படங்களும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த வருஷம் போய்ச் சேர்ந்தன.

மூன்று நாள் ஹார்ட் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். எங்கேயாவது ஒன்று தப்பித்தவறி இருக்காதா என்று ஓர் ஆசை. வாசலில் மெட்ரோ வேலை, சன்னலைத் திறந்தால் மேஜையெல்லாம் சிமெண்ட் தூள். சன்னலை மூடிக்கொண்டு, புழுக்கத்தில், ஒவ்வொரு சீனனாகத் தள்ளிக்கொண்டே போனேன். முதுகு விட்டுப்போயிற்று. நூடுல்ஸ் கடைக்காரர் மகள் மட்டும் ஐம்பது அறுபது படத்தில் இருந்தாள். கம்பெனிக்கு எதிரே அவர்கள் கடை. தினம் ராத்திரிச் சாப்பாடு எனக்கு அங்கேதான். அந்தப் பெண் மூலையில் ஒரு சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொரு ஸ்டூலை மேஜையாக்கி வீட்டுப்பாடம் எழுதும். முன்பல் விழுந்த படம், பல் முளைத்த படம், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிப் பள்ளிக்கூடம் போகிற படம், அம்மா உயரத்துக்கு வளர்ந்து நிற்கிற படம். பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். அவர்கள் அதை அடுப்படிச் சுவரில் வரிசையாக ஒட்டி வைப்பார்கள்.

மனைவி காபி டம்ளரோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி ஆபீசில் பன்னிரண்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய பெண், அதிகம் பேச மாட்டாள். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. யாருக்காகப் போனேன் என்று கத்த வாய் வரைக்கும் வந்து, அடக்கிக்கொண்டேன். கல்யாண வீடு.

அடுத்த நாள் ஆவடிக்குப் போனேன். என் மனைவியின் தம்பி அங்கே ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறான். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். நான் இல்லாத ஒன்பது வருஷமும் என் வீட்டுக்கு ஆண்துணை அவன்தான். ஷிப்ட் முடிந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வருவான், காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவான், கேஸ் தீர்ந்தால் மாற்றிவிட்டுப் போவான். அவனிடம் ஓர் ஆல்பம் உண்டு என்று தெரியும். ஸ்கேன் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கேட்டேன். அவனுக்கு வாயெல்லாம் பல். பீரோவின் மேலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஆல்பத்தை எடுத்து, கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக எனக்குக் கதை சொன்னான். முதல் நாள் பள்ளிக்கூடம், இவன் விரலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். சைக்கிள் பழகுகிறாள், இவன் பின்சீட்டைப் பிடித்திருக்கிறான். ஆண்டு விழாவில் பரிசு வாங்கியவள் கோப்பையை இவன் தலையில் கவிழ்த்திருக்கிறாள். மஞ்சள் நீராட்டுக்குப் பட்டுப் பாவாடை தாவணியில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள், பக்கத்தில் இவன். தாய்மாமன் சீரோடு வந்தவன் அப்பா நிற்க வேண்டிய இடத்திலும் சேர்த்து நிற்கிறான்.

அந்தப் படத்தில் விரலை வைத்து, "இங்க நீங்க நின்னிருக்கணும் மாமா. ஆள் இல்லாததால நான் நின்னேன்" என்றான். குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அது தெரியாது. மனதில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எனக்குள் ஒரு கெட்ட புத்தி எழுந்தது அந்த வார்த்தையில்தான். நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நின்றால் என்ன?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா தவறிப்போன வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணம் நடந்தால், போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்து அவரையும் மேடையில் நிற்க வைத்துவிடுவார்கள். மாலையும் கழுத்துமாக இருக்கிற பிள்ளையின் தலையில் செத்தவர் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிற படம் பாதி வீடுகளில் மாட்டியிருக்கும். செத்தவரையே நிற்க வைக்கிறவன் உயிரோடு இருப்பவனை நிற்க வைக்க மாட்டானா என்று நினைத்தேன். மச்சானை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னை வைத்தால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? எழுதும்போது எனக்கே கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. எப்படியாவது இந்தப் பாரத்தை இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு ஸ்டுடியோ. மண்டபத்துத் திரையையும் அவர்களிடம்தான் என் மகள் சொல்லியிருந்தாள். கடைக்காரருக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தில் துண்டு, கண் முழுக்கத் தூக்கம். ஆல்பத்தையும், நான் சீனாவில் இருந்தபோது எடுத்த என் படங்கள் நாலு இருந்த பென் டிரைவையும் கொடுத்தேன். அந்தப் படங்களில் எனக்கு அடர்த்தியான முடி, பெரிய மீசை. இன்றைக்கு இரண்டும் இல்லை. மூக்கில் கண்ணாடி வேறு. யாருக்கு இந்த வேலை என்று சொன்னதும் ஆர்டர் நோட்டில் என் மகளின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு திரையில் என் பழைய முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இது யார் என்று கேட்டார். பெண்ணோட அப்பா என்றேன். "அவங்களுக்கு நீங்க இன்னா ஓணும் சார்?" என்று என்னைக் கேட்டார்.

நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் பெற்ற பெண்ணோடு நிற்கிற மாதிரிப் பொய்ப்படம் செய்துதரச் சொல்லி வந்து நிற்கிறேனே, அந்த வெட்கம். சொந்தக்காரன் என்றேன். அப்பா எங்கே என்றார். சைனாவில் இருந்தார் என்றேன். அவர் உச்சுக்கொட்டி, இவ்ளோ சின்ன வயசா என்று தலையை ஆட்டினார். எதற்கு உச்சுக்கொட்டுகிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. மாமனை எடுத்துவிட்டு அப்பாவை வைக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு, விட்டால் போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. மனைவியும் மச்சானும் பத்திரிகை வைக்கத் திருநின்றவூர்ப் பக்கம் போயிருந்தார்கள். நானும் மகளும் அடுக்களையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். கல்யாணம் ஆகிப் போகப்போகிற பெண்ணோடு இப்படி உட்கார்ந்திருப்பது எனக்கு இதமாக இருந்தது. அவள் போன் சிணுங்கியது. கை ஈரம் என்று மேடையில் வைத்தபடியே ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டுடியோக்காரரின் குரல்.

"யம்மா, சாம்பிள் அனுப்ச்சிகீறேன், பாத்துட்டு ஓகே சொல்லு. அப்பா இல்லன்ற கொறையே தெரியாத மாரி பண்ணிகீறேன். ஆனா அந்த மாமாவ மட்டும் நான் எடுக்கல. வந்த சொந்தக்காரரு எடுக்கச் சொன்னாரு. நல்ல காரியத்துல ஓட்ற படத்துலேர்ந்து உசுரோட கீற மன்சன அழிக்க மாட்டோம்மா, அவருக்கு ஆவாது. அதான் அப்பாவப் பின்னால நிக்க வெச்சிகீறேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு படத்தைத் திறந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூட வாசல். மச்சான் எப்போதும்போல அவள் விரலைப் பிடித்து நிற்கிறான். அவர்களுக்குப் பின்னால், தலைக்கு மேலே, பால் கொட்டினாற்போல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் நான், இடுப்பு வரைக்கும்தான், ஓரமெல்லாம் கரைந்து, கீழே குனிந்து பார்க்கிறேன். கால் கிடையாது. சைக்கிள் படத்திலும் அப்படியே. மஞ்சள் நீராட்டிலும் அப்படியே. கம்பெனியின் நீலச் சட்டை, பையில் பேட்ஜ், காதுக்குப் பக்கத்தில் வெட்டாமல் விட்டுப்போன சீன எழுத்து ஒன்று. கடைசியில் திரை முழுக்க நான் மட்டும், கீழே ஒரு குத்துவிளக்கு, 'அப்பாவின் ஆசியுடன்'.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை உயிரோடு சாமியாக்கிட்டானே என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அவர் பண்ணினது சரியாத்தாம்பா இருக்கு" என்றாள். "எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."

மாமாவை எடுக்கச் சொன்ன சொந்தக்காரர் நீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு திட்டு வாங்கிக்கொண்டு தப்பித்திருப்பேன். மாறாக, உங்க படமெல்லாம் எங்கே, ஒன்பது வருஷம் என்னதான் எடுத்தீர்கள் என்று பார்க்கிறேன் என்றாள். திரும்பி வந்த புதிதில் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. பத்துப் படம் பார்த்துவிட்டு எழுந்து போனவள். இப்போது அவளே கேட்கிறாள்.

கூடத்தில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தோம். பொறுமையாகத்தான் பார்த்தாள். மூங்கில் கூடையில் ஆவி பறக்கிற ரொட்டியைப் பார்த்து, நம்ம கொழுக்கட்டை மாதிரி இருக்கிறதே என்றாள். ஆளுக்கொரு சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடு வேலைக்குப் போகிறவர்களைப் பார்த்து, வெயில் காலத்திலுமா என்று கேட்டாள். வெயில் காலத்திலும்தான் என்றேன். பூங்காவில் வரிசையாகக் குடைகளை விரித்துத் தரையில் வைத்து, குடைமேல் காகிதம் குத்தி, பக்கத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிற படம் வந்தது. அந்தக் காகிதமெல்லாம் அவர்கள் பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, வேலை. மாப்பிள்ளை, பெண் தேடிப் பெற்றவர்கள் வந்து உட்காருவார்கள், பிள்ளைகள் வர மாட்டார்கள் என்று சொன்னேன். அவள் அதில் ஓர் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழைக்கோட்டு போட்டவர், மழை தூறுகிறது, கையில் இருக்கிற இன்னொரு குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் காகிதத்துக்குப் பிடித்திருக்கிறார். உனக்கு ஜாதகம் பார்க்க அலைந்தது உன் மாமாதானே என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

நூடுல்ஸ் கடைப் பெண் வந்தபோது வேகமாகத் தள்ளிவிடப் பார்த்தேன். அவள் என் கையை நகர்த்திவிட்டு ஒன்றொன்றாகப் பார்த்தாள். முன்பல் விழுந்த படத்தில் நின்றாள். இந்தப் படங்கள் எல்லாம் அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டாள். பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன் என்றேன். "நல்லா இருக்கா பொண்ணு" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் ரயில் நிலையம். அதை முன்கூட்டியே எடுத்து மறைத்திருக்க வேண்டும். புத்தி வேண்டுமே. அவர்களுக்கு நம் தை, மாசியில் புத்தாண்டு வரும். நாடே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும். கட்டம் போட்ட சாக்குப் பை, தோளில் சுருட்டிய மெத்தை, உட்காருவதற்குக் காலி பெயிண்ட் டப்பா, கைக்குழந்தை. இரண்டு நாள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவார்கள். மூன்று நாள் அங்கேயே கிடந்து எடுத்த படங்கள் அவை. என் வாழ்க்கையில் நான் எடுத்ததிலேயே நல்ல படங்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். கேமரா தேதியைக் கீழே ஓரத்தில் பதித்திருந்தது.

அவள் தேதியைப் பார்த்தாள். அவள் பெரியவளான வருஷம், தை மாசக் கடைசி. சடங்கு வைத்திருந்த வாரம். கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை, வேலை தலைக்கு மேல் இருக்கிறது என்று நான் போனில் சொல்லியிருந்தேன்.

"எல்லாரும் ஊருக்குப் போறாங்களே" என்றாள். "உங்க கம்பெனியும் மூடியிருந்துச்சா?"

"மூடியிருந்துச்சு."

"எத்தனை நாள்?"

"பதினேழு நாள்."

"அப்புறம் ஏம்பா வரல?"

அவர்கள் ஊருக்குப் போவதைப் படம் எடுக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன் என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். முழுசும் அதுவல்ல. அதற்கு முந்தின வருஷம் நான் வந்தபோது, கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடிப்போய் மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வயதுப் பெண். விருந்தாளிக்கு வைப்பதுபோல எனக்கு எவர்சில்வர் தட்டில் பிஸ்கட் வைத்தாள். பதினைந்து நாளும் என்னை 'வாங்க, உக்காருங்க' என்றாள். அது எனக்கு வலித்தது. அங்கே கேமராவோடு நின்றால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவர்தான், ஊருக்குப் போகவில்லையா என்று கைஜாடையில் கேட்டார், தலையாட்டிச் சிரித்துவிட்டேன். இதையெல்லாம் அவளிடம் சொல்லியிருந்தால் தப்பை அவள் தலையில் கட்டினாற்போல ஆகியிருக்கும். அதனால் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், அதுவும் தப்போ என்னவோ.

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தையே பார்த்தாள். பிறகு லேப்டாப்பை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

"மாமா இருக்கற படமே ஓடட்டும்பா. எதையும் மாத்த வேணாம்."

அவளே ஸ்டுடியோவுக்கு போன் போட்டு என்னை எடுத்துவிடச் சொன்னாள். அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று அவரிடம் சொன்னாளா, என்ன சொன்னாள், எனக்குத் தெரியாது. அவள் அம்மாவிடம் இதைப்பற்றி மூச்சு விடவில்லை, மாமனிடமும் இல்லை. பூண்டு உரிக்க மறுபடி வந்து உட்கார்ந்தாள். பேசிக்கொண்டே இருந்தாள், மண்டபத்தில் எத்தனை பேர் தங்குவார்கள், ஏசி வேலை செய்யுமா என்றெல்லாம். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். களைப்பாக இருந்தது. ஒன்பது வருஷக் களைப்பும் அன்றைக்குத்தான் வந்து இறங்கினாற்போல இருந்தது.

வரவேற்பு நல்லபடியாக நடந்தது. மேடையில் போய் நின்றேன், படம் எடுத்துக்கொண்டார்கள், கீழே இறங்கி வந்துவிட்டேன். பெரிய திரையில் ஓடுவதைச் சாப்பாட்டு ஹாலில் ஒரு டிவியிலும் ஓடவிட்டிருந்தார்கள். முதல் பந்தி. பெண்ணைப் பெற்றவன் பந்தி விசாரிக்க வேண்டும் அல்லவா, நான் சாம்பார் வாளிக்காரன் பின்னாலேயே இலை இலையாக, போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அங்கவஸ்திரத்தை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டேன்.

ஓர் இலைக்கு முன்னால் மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர் ஒருவர். மாப்பிள்ளையோடு ஆபீசில் வேலை செய்து ரிட்டயர் ஆனவர் என்று பிறகு தெரிந்தது. அப்போதுதான் நேராகச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார் போல, மேடைப்பக்கம் போகவில்லை. அவர் சாப்பிடாமல் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் படம் ஓடியது. அப்புறம் கோப்பையைத் தலையில் கவிழ்த்த படம். பெரியவர் சிரித்துவிட்டார். இலைக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற என்னிடம், "இவருதான் பொண்ணோட அப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

கொடுத்து வைத்தவர் என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு என்னிடமே வந்தார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும், கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை, கொஞ்சம் காட்ட முடியுமா என்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சான் ஹால் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தான், காலையிலிருந்து உட்காரவே இல்லை அவன். பெரியவர் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பொண்ண நல்லா வளத்திருக்கீங்கய்யா. படத்துலயே தெரியுது."

மச்சானுக்குப் புரிந்துவிட்டது. இல்லைங்க என்று வாயைத் திறந்தவன், பெரியவரின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவன் கண் கலங்கி, சரிங்க, சந்தோஷம்ங்க என்றான். அடுத்த பந்திக்கு இலை போடுகிறார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள், நான் உள்ளே போனேன்.